மங்கியது கண், மாத்திரை மட்டும் பிரஷருக்கா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். என் கணவருக்கு 44 வயது, கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். இரண்டு மாதங்களாகக் காலையில் எழுந்தவுடன் பின்மண்டை வலிக்கிறது என்பார். பெனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். பிறகு இரண்டு கண்ணும் புகை படிந்ததுபோல் இருப்பதாகச் சொன்னார். கண்ணாடிக் கடைக்குப் போனோம். எந்தக் கண்ணாடியை மாற்றிப் போட்டும் கடைசி வரிகள் தெரியவில்லை. கடைக்காரர் கண்ணாடி விற்க மறுத்து, உடனே கிளினிக்குக்குப் போகச் சொன்னார். கிளினிக்கில் பிரஷர் 226/134. ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கண்ணில் காற்று அடித்துப் பார்த்து, "கண் பிரஷர் 15, நார்மல்" என்றார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பிரஷரா? சர்க்கரை நோய் இல்லை என்றும் சொன்னார்கள். கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்துகூடத் தரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கண்ணில் ஊசி போட்டார்கள். இவருக்கு ஏன் போடவில்லை? ஆறு நாள் வார்டில் வைத்திருந்தும், வீட்டுக்கு அனுப்பும்போது மேல் பிரஷர் 158. முழுதாகக் குறைக்காமல் ஏன் அனுப்பினார்கள்? வந்து இரண்டு வாரமாகிறது. தலைவலி இல்லை. தொடர்ந்து மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று இவருடைய அண்ணன் சொல்கிறார். இவரும் நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறார். பார்வை திரும்புமா? லோரி ஓட்டலாமா?

— ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி,

கடைசியில் நீங்கள் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை ஆற அமர வாசிக்கலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒரு நாள்கூட. "குறைந்துவிட்டதே, ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடுகிறேன்" என்ற பேரமும் கூடாது. இன்று இரவே இந்த நான்கு வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இனி அந்த இரண்டு பிரஷர் விஷயம். படித்தவுடன் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது ஆண்டுகளாக இதே கேள்வியை என் அறையில் கேட்டுவருகிறேன். தவறு எங்கள் பக்கம்தான். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டோம். கண் என்பது உள்ளே நீர் சுரந்து, சுரந்தபடி வடிந்துகொண்டிருக்கும் ஓர் உருண்டை. அந்த நீரின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும். அது ஏறிப் பார்வை நரம்பைக் கெடுத்தால் கிளௌகோமா என்போம். கையில் பட்டை கட்டி அளப்பது இரத்தக் குழாய்க்குள் இரத்தம் பாயும் அழுத்தம். ஒன்று டயரின் காற்று, மற்றொன்று என்ஜினின் ஆயில் பிரஷர் என்று உங்கள் கணவரிடம் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார். டயரில் காற்று சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு என்ஜினுக்கு நற்சான்று கொடுக்கும் ஓட்டுநரை நான் கண்டதில்லை. 15 என்பதும் உண்மை, 226 என்பதும் உண்மை.

அப்படியானால் கண்ணுக்குள் என்னதான் நடந்தது? அவர் கண்ணை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய எண்ணும், இரண்டு கண்ணும் சேர்ந்தே மங்கியதும், கண்ணாடி மாற்றியும் தெளியாததும் ஏறக்குறைய முழுக் கதையையும் சொல்லிவிடுகின்றன.

உடம்பின் இரத்தக் குழாய்களைத் தோலைக் கீறாமல், எதையும் உள்ளே நுழைக்காமல் நேருக்கு நேர் பார்க்கக்கூடிய இடம் கண்ணின் பின்சுவரை ஒட்டியிருக்கும் விழித்திரை. 1851-இல் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் ரிவா-ரோச்சியின் கருவி இத்தாலியிலிருந்து வந்தது 1896-இல்தான். இடைப்பட்ட காலத்து டாக்டர்கள் சில நோயாளிகளின் விழித்திரையில் இரத்தத் திட்டுகளையும் வெண்திட்டுகளையும் பார்த்தார்கள். அவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் கெட்டிருந்ததால், இது சிறுநீரகம் கண்ணில் காட்டும் வேலை என்று எழுதிவைத்தார்கள். பிரஷரை அளக்கத் தெரிவதற்கு முன்பே அதன் சேதத்தைப் பார்த்துவிட்டார்கள், ஆனால் யார் செய்தது என்று தெரியவில்லை. அண்ணன் சொன்ன கிட்னிக்கு வரும்போது இதை மறுபடி தொடுகிறேன்.

விழித்திரையின் தமனிகள் தலைமுடிப் பருமன்தான் இருக்கும். அழுத்தம் கூடும்போது அவை சும்மா இருப்பதில்லை. தம்மை இறுக்கிச் சுருக்கிக்கொண்டு, தமக்கு அப்பால் இருக்கும் மென்மையான நரம்புத் திசுவுக்குள் வெள்ளம் பாயாமல் காக்கின்றன. நல்ல காவல். ஆனால் ஆண்டுக்கணக்கில் சுருங்கியே நின்றால் குழாயின் சுவர் தடித்துவிடும். தடித்த குழாய் கருவியின் வெளிச்சத்தில் செம்புக் கம்பிபோல் மின்னும். இன்னும் முற்றினால் வெள்ளிக் கம்பி. நாங்கள் குறிப்பேட்டில் எழுதுவதும் இதே சொற்கள்தான், நகைக்கடைக் கணக்குப்போல இருக்கும். தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறை. தடித்த தமனி அங்கே சிரையை நசுக்கும். நசுங்கிய இடத்தில் ஓட்டம் கலங்கி இரத்தம் உறைந்தால், ஒரு கண்ணின் ஒரு பகுதி ஒரே நாளில் மறைந்துபோகும். அந்த அடைப்பினால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்தால் கண்ணுக்குள் ஊசி போடுகிறோம். சர்க்கரை நோயால் வரும் வீக்கத்துக்கும் அதே ஊசிதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இவற்றில் ஒன்று இருந்திருக்கலாம்.

உங்கள் கணவர் விஷயம் வேறு. 226/134 என்னும் அளவில் காவல் உடைகிறது. குழாயின் உட்சுவரே பழுதாகி, உள்ளே இருக்கவேண்டியது வெளியே கசிகிறது. இரத்தம் கசிந்தால் அது நரம்பு இழைகளின் வரிசையில் பரவித் தீச்சுடர்போலத் தெரியும். சில இடங்களில் நுண்குழாய் அடைபட்டு, நரம்பிழைகள் இரத்தமில்லாமல் வீங்கிப் பஞ்சுத் துணுக்குபோல வெளுத்து நிற்கும். இரத்தத்தின் கொழுப்புக் கசடு நடு விழித்திரையில் படியும்போது, அங்கே இழைகள் சக்கரத்தின் ஆரங்கள்போல அமைந்திருப்பதால், அப்படியே ஒரு விண்மீன் வரைந்ததுபோல இருக்கும். பார்க்க அழகான படம், பார்க்கப்படுபவருக்குத்தான் பார்வை இல்லை. விழித்திரைக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்ப் படலத்திலிருந்தும் நீர் கசிந்து திரையையே மேலே தூக்கிவிடும். உங்கள் கணவர் சொன்ன புகைமூட்டத்தில் இதற்குப் பெரும் பங்கு இருந்திருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பார்வை நரம்பின் முகப்பு வீங்கினால் நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து ஃபோனை எடுத்துவிடுவோம். மூளையிலும் இதயத்திலும் சிறுநீரகத்திலும் அதே நேரத்தில் அதே சேதம் நடந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு அதைவிட வெளிப்படையான அடையாளம் இல்லை.

இத்தனைக்கும் கண்ணில் வலி இருக்காது, சிவக்காது, நீர் வடியாது. இதில்தான் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. இருமலாலோ கண்ணைக் கசக்கியதாலோ வெள்ளை விழியில் ஒரு துளி இரத்தம் பரவிவிட்டால் குடும்பமே திரண்டு பதறி வரும். அது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாகவே மறையும்; பிரஷரை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பிவிடுவோம். உள்ளே விழித்திரை நனைந்துகொண்டிருக்கும் ஆளோ கண்ணாடியின் பவர் ஏறியிருக்கும் என்று நினைத்து, சம்பளம் வரட்டும் என்று காத்திருப்பார்.

சொட்டு மருந்து தராத காரணம் இப்போது தெரிந்திருக்கும். சொட்டு கண்ணின் முன்பக்கத்துக்கு வேலை செய்வது. பழுது இருப்பதோ பின்சுவரில், அதுவும் குழாய்க்குள் பாயும் அழுத்தத்தால். மேல்தொட்டியின் வால்வு கெட்டுத் தண்ணீர் வழியும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்தால் எப்படி? உங்கள் கணவர் காலையில் விழுங்கும் பிரஷர் மாத்திரைதான் அவருடைய கண் மருந்து. வேறு கண் மருந்து கிடையாது.

158-இல் ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில்தான் நம் மக்கள் டாக்டர்களை அதிகம் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகப்படுவதிலும் நியாயம் உண்டு: ஏறியது கெடுதல் என்றால் இறக்கிவிடவேண்டியதுதானே?

உங்கள் கணவர் கேமரன் மலையிலிருந்து பாரம் ஏற்றிய லோரியை இறக்கியிருந்தால் இது அவருக்கே தெரியும். மேலே கியரைக் குறைத்து, என்ஜினின் பிடியிலேயே மெல்ல மெல்ல இறக்குவார். ஒரேயடியாக பிரேக்கை மிதித்தால் பாரம் ஆளைத் தள்ளிவிடும். மாதக்கணக்கில் 200-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்த உடம்பு அந்த வேகத்துக்குப் பழகிவிடுகிறது. மூளைக்கும் பார்வை நரம்புக்கும் போகும் குழாய்கள் தடித்து, உயர்ந்த அழுத்தத்தில் மட்டுமே போதுமான இரத்தத்தை அனுப்பும்படி தம்மை மாற்றி வைத்துக்கொள்கின்றன. அந்த நிலையில் திடீரென்று 120-க்கு இறக்கினால், உங்களுக்கும் எனக்கும் நல்ல அளவான அந்த 120 அவருக்குப் பஞ்சம். பார்வை நரம்பு இரத்தமில்லாமல் செத்துப்போகலாம், பக்கவாதம் வரலாம். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் குறைப்பதில்லை. அடுத்த சில மணி நேரத்தில் 160/100 பக்கம், பிறகு ஓரிரு நாளில் இன்னும் கொஞ்சம், மீதியை வாரக்கணக்கில் வீட்டிலிருந்தே. பெருந்தமனி கிழிவதுபோன்ற சில அவசரங்களுக்கு மட்டும் விதி வேறு. ஆறாம் நாள் 158 என்றால், அந்த வார்டு டாக்டர்கள் வேலை தெரிந்தவர்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 1980-களின் இறுதியில் நான் பயிற்சி மருத்துவராக இருந்த இடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. அங்கே மட்டுமில்லை, உலகம் முழுவதும் இருந்தது. பிரஷர் மிக அதிகமாக வந்தால் நிஃபெடிபின் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி நாக்குக்கு அடியில் பிழிவோம். அரை மணியில் எண் சரசரவென்று விழும். நர்ஸ் வந்து எண்ணைச் சொல்லும்போது எங்களுக்குப் பெருமையாக இருக்கும். ஓர் இரவு ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் 230-ஐ 110-க்கு இறக்கினேன். விடியற்காலையில் அவர், "தம்பி, லைட்டை அணைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடது கண்ணில் கொஞ்சம் திரும்பியது, வலது கண் திரும்பவே இல்லை. 1990-களில் மருத்துவ உலகம் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொன்னது. நான் அதற்கு முன்பே விட்டுவிட்டேன். கண் மருத்துவத்துக்கு ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் பொதுவாக வேறு காரணம் சொல்வேன்.

ஆகவே வீட்டில் அளந்து கூடுதலாக இருந்தால், "இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்" என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். நிறுத்துவதும் உங்கள் வேலை இல்லை, கூட்டுவதும் இல்லை.

இப்போது கிட்னி. அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். பிரஷர் மாத்திரை சாப்பிட்டுவந்த யாரோ ஒருவர் சில ஆண்டுகளில் டயாலிசிஸுக்குப் போனதை அவர் பார்த்திருப்பார். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை அது. விழித்திரையில் என்ன நடந்ததோ, அதே அளவுள்ள குழாய்களில் சிறுநீரகத்திலும் நடக்கும். அங்கே ஜன்னல் இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை. 19-ஆம் நூற்றாண்டு டாக்டர்கள் கிட்னி கண்ணைக் கெடுக்கிறது என்று நினைத்தார்கள், நம் வீட்டார் மாத்திரை கிட்னியைக் கெடுக்கிறது என்கிறார்கள். நடுவில் இருக்கும் பிரஷரை இரண்டு தரப்பும் பார்க்கவில்லை. உண்மையில் கெட்ட கிட்னியும் பிரஷரை ஏற்றும், ஏறிய பிரஷரும் கிட்னியைக் கெடுக்கும். அந்தச் சுற்றை அறுப்பது மாத்திரை. பெரிண்டோபிரில்போன்ற பிரஷர் மருந்தைத் தொடங்கும்போது, சிறுநீரகம் வடித்து வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினின் அளவு இரத்தத்தில் சிறிது ஏறுவதுண்டு. அதற்காகத்தான் இரண்டொரு வாரத்தில் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

மாத்திரையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, அண்ணனுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கீத், வாகனர், பார்க்கர் என்ற மூன்று டாக்டர்கள் இரத்த அழுத்தம் உள்ள 219 பேரை, அவர்கள் விழித்திரை எப்படி இருக்கிறது என்பதை வைத்து நான்கு பிரிவாகப் பிரித்து 1939-இல் எழுதினார்கள். அந்தக் காலத்தில் பிரஷரைக் குறைக்க உருப்படியான மருந்து எதுவும் இல்லை. குழாய் லேசாகச் சுருங்கியிருந்த முதல் பிரிவில் மூன்று ஆண்டு கழித்து 100-க்கு 70 பேர் உயிரோடு இருந்தார்கள். பார்வை நரம்பு வீங்கியிருந்த நான்காம் பிரிவில் 100-க்கு 6 பேர். இதயத்தை வைத்தோ சிறுநீரை வைத்தோ போட்ட கணக்கு இல்லை இது, கண்ணுக்குள் பார்த்துப் போட்டது. அந்த நான்கு பிரிவை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அந்த எண்ணை மட்டும் இப்போது யாருக்கும் சொல்வதில்லை, மருந்து வந்து அதைப் பொய்யாக்கிவிட்டது. மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு.

மாத்திரை பிடிக்காமல் போவதற்கு உண்மையான காரணங்களும் உண்டு, அவற்றை மறைக்கவேண்டியதில்லை. பெரிண்டோபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். ஓட்டுநர்களுக்குச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை பெரிய தொல்லை. நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்துவது? இன்னொன்று, ஆண்கள் என்னிடம் கதவைச் சாத்தியபின்தான் சொல்வார்கள்: இல்லற வாழ்க்கையில் தளர்ச்சி. அதற்கு மாத்திரையும் காரணமாகலாம், பிரஷரே காரணமாகவும் இருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றிக்கொடுப்பார். சொல்லாமல் டிராயருக்குள் போட்டு வைப்பவர்களைத்தான் மறுபடி ஆம்புலன்ஸில் பார்க்கிறோம்.

வார்டில் ஒரு விஷயத்தைக் கேட்டீர்களா என்று தெரியவில்லை. 44 வயதில் இவ்வளவு ஏறியதற்குத் தனிக் காரணம் உண்டா? பெரும்பாலும் இருக்காது, ஆனால் தேடவேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரக ஸ்கேன், இரத்தத்தில் பொட்டாசியம், தேவையானால் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன். அவர் இரவில் பெரிதாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறாரா? பகலில் ஓட்டும்போது கண் சொக்குகிறதா? அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் பிரஷரையும் ஏற்றும், லோரியையும் கவிழ்க்கும்.

பிறகு, வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறார் என்று மாத்திரை டப்பாவைத் தவிர மற்றவற்றையும் பாருங்கள். முதுகுவலிக்கு டிக்ளோஃபெனாக், இபுபுரோஃபென்போன்ற வலி மாத்திரைகளை நாள்தோறும் போட்டால் பிரஷர் ஏறும், கிட்னியும் கெடும். அண்ணனின் பயம் இந்த மாத்திரைகளுக்குத்தான் பொருந்தும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் ஏற்றும். உடம்பு வலிக்கு யாரோ விற்ற, லேபிள் இல்லாத ஜாமு என்னும் மூலிகை உருண்டைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. பொட்டலத்தில் மால் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண் இல்லையென்றால் குப்பையில் போடுங்கள். நம் பாட்டி வைத்தியத்தில் வரும் அதிமதுரம்கூட, இருமலுக்கு ஒருநாள் மெல்வது வேறு, தினம் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு. பொட்டாசியத்தைக் குறைத்துப் பிரஷரை ஏற்றும். சீன மூலிகைத் தேநீர்களிலும் அது சேரும்.

சாப்பாட்டில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். பினாங்கில் இருந்துகொண்டு நாசி கண்டாரைத் தொடாதே என்று சொன்னால் நானே கேட்கமாட்டேன். சோற்றின் மேல் குழம்பைப் பஞ்சிர், அதாவது வெள்ளமாக, ஊற்றச் சொல்வதை விடட்டும். உப்பு பெரும்பாலும் அந்த வெள்ளத்தில்தான் இருக்கிறது. நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி அளவு, போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப்பிலேயே (சோயா சாஸ்) அதில் பாதிக்கு அருகில் போய்விடும். இரவு வேலை முடிந்து வந்து போடும் மேகியின் மசாலாத் தூளும் அப்படியே. சிகரெட் இருந்தால் அதுதான் முதலில் போகவேண்டும்.

மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். மணிக்கட்டில் கட்டுவதை நான் நம்புவதில்லை. கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள், சிறிய பட்டை பொய்யாகக் கூட்டிக் காட்டும். காலையில் மாத்திரைக்கு முன், இரவில் படுக்குமுன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், அளக்கவேண்டும். அதற்கு அரை மணி முன்பிருந்து காப்பியும் சிகரெட்டும் கூடாது. எழுதி வைத்து கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். வீட்டு அளவில் 135/85-க்குக் கீழே வருவது பொதுவான இலக்கு. அவருக்கு எது, எவ்வளவு நாளில் என்பதை அவருடைய டாக்டர் சொல்வார். மறுபடி 180/120-ஐத் தாண்டினால், ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு முறை அளங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். அதோடு பார்வை மங்குதல், கடும் தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்தல், இவற்றில் எது சேர்ந்தாலும் 999. பஸ்ஸுக்கோ மகனுக்கோ காத்திருக்காதீர்கள்.

பார்வை திரும்புமா? பெரும்பாலும் நன்றாகவே திரும்பும், பிரஷர் கட்டுக்குள் நின்றால். விழித்திரைக்கு அடியில் கோத்த நீர் சில வாரங்களில் வற்றும். புகைமூட்டம் முதலில் விலகுவது அதனால்தான். இரத்தத் திட்டும் பஞ்சுத் திட்டும் மறைய இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். அந்த விண்மீன் பிடிவாதக்காரன், பல மாதம் இருந்து மெல்லக் கரைவான். தடித்த குழாய்கள் பழைய நிலைக்கு வருவதில்லை. நரம்பு நெடுநாள் வீங்கியிருந்து வெளுத்துவிட்டால், இழந்ததில் ஒரு பங்கு திரும்பாது. அவருடைய நரம்பு எந்த நிலையில் இருந்தது என்று அடுத்த சந்திப்பில் நேராகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சொல்வது எங்கள் கடமை.

லோரியை இப்போது எடுக்கக் கூடாது. நன்றாகத் தெரிகிறது என்று அவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புகைக்குள்ளேயே ஓட்டிப் பழகியவருக்குக் கொஞ்சம் விலகினாலே எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். கண் கிளினிக்கில் எழுத்துப் பலகையிலும் பக்கப் பார்வையிலும் தேறி, பிரஷரும் நிலைத்தபின் டாக்டர் எழுத்தில் கொடுக்கட்டும். அதுவரை எம்.சி. (மருத்துவ விடுப்பு) கேட்டு வாங்குங்கள், அல்லது முதலாளியிடம் பேசி யார்டுக்குள் வேலை கேட்கலாம். வருமானம் குறையும் என்று தெரியும். கண்மணியை விரிக்கும் சொட்டு போடும் நாளில் காரோ மோட்டாரோகூட ஓட்டவேண்டாம், நீங்கள் உடன் போங்கள்.

உங்கள் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? 2019-இன் தேசிய உடல்நல ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10 பேருக்கு 3 பேர் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் என்று தெரிந்தது. அந்த மூவரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கருவிதான் வீட்டுக்கு வருகிறதே, அண்ணன் வரும்போது அவருக்கும் ஒருமுறை கட்டிப் பாருங்கள். வாக்குவாதத்தைவிட அது சுலபம்.

அடுத்த முறை கண் கிளினிக்குக்குப் போகும்போது, முதல் நாள் எடுத்த விழித்திரைப் படத்தையும் அன்று எடுக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டச் சொல்லுங்கள். என் நோயாளிகளில் மாத்திரை விஷயத்தில் அடம்பிடித்த பலரை, நான் பேசிய பேச்சைவிட அந்த இரண்டு படங்கள்தான் வழிக்குக் கொண்டுவந்தன.

புதிய கண்ணாடி மட்டும் இப்போது வாங்காதீர்கள். நீர் வற்ற வற்றப் பவர் மாறிக்கொண்டே இருக்கும், பணம் வீண். மூன்று மாதம் போகட்டும். அப்போது தேவைப்பட்டால், அன்றைக்கு உங்களுக்குக் கண்ணாடி விற்க மறுத்தாரே, அந்தக் கடைக்காரரிடமே போய் வாங்குங்கள்.